முதலில் குறையைச் சொல்லும் தரகரம்மா

எனக்குப் பெண் பேசி முடித்தவர் அவர்தான். என் மாமனார் வீட்டில் போய் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணீரில் ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லையாம். அதற்குள் சொல்லிவிட்டார்: “பையனுக்கு ஒரு கொறை இருக்குங்க. வாய மூட மாட்டான். ஆட்டோ ஓட்டுறப்பவும் பேசிக்கிட்டேதான் ஓட்டுவான்.”

மாமனார் கொஞ்சம் யோசித்துவிட்டு, “குடிப்பாருங்களா?” என்று கேட்டிருக்கிறார்.

“குடிக்கிறதுக்கு அந்த வாய்க்கு ஏதுங்க நேரம்?”

அப்படித்தான் என் கல்யாணம் முடிவாயிற்று. என் பக்கத்துக்கும் வந்து ஒரு குறையைச் சொல்லாமல் விடவில்லை. “தம்பி, பொண்ணுக்குக் கோவம் வந்தா மூணு நாளைக்குப் பேசாது. நாலாவது நாள் ஒரு பேச்சுப் பேசும். அத நீங்க தாங்கணும்.” நான் சிரித்தேன். மூன்று நாளும் நான் மட்டும் பேசலாம் என்றால் அது குறையா, வரமா என்று கேட்டேன். அந்த நாலாவது நாள் என்ன என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நமுனுகுல மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். அந்தப் பக்கத்து லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அவரைத் ‘தரகரம்மா’ என்றால்தான் தெரியும். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பகலில் கொழுந்து பறிப்பார், ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம் பேசுவார். கறுப்புக் கைப்பை ஒன்று, கம்பி வளைந்த குடை ஒன்று. பைக்குள் நாலைந்து சாதகமும் ஒரு வெற்றிலைச் சுருளும் எப்போதும் இருக்கும். இப்போது வவுனியாவில் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே எந்த மாப்பிள்ளையின் குறை சபைக்கு வந்துகொண்டிருக்கிறதோ!

அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயமும் உண்டு. ஒரு தடவை எங்கள் மேல் லயத்துப் பிள்ளை ஒன்றைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அந்தப் பிள்ளையின் முழங்கையில் சின்ன வயதில் சுடுதண்ணீர் கொட்டிய வடு. தாய்க்காரி நீளக் கைச் சட்டை போட்டுக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாள். தரகரம்மா நேராகப் போய், “காட்டு புள்ள” என்று சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த மனுசிக்கு நெஞ்சில் ஈரம் என்று ஒன்று இருக்கிறதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து, அந்தக் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, “வலிக்குதாம்மா இன்னும்?” என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்கு இப்போது இரண்டு குழந்தைகள். எல்லாக் காலமும் அரைக்கைச் சட்டைதான் போடுகிறாள்.

அதைப் பற்றிப் பிறகு கேட்டபோது அவர் சொன்னது எனக்கு மனப்பாடம். “கொறைய நாம சொன்னா அது சேதி தம்பி. அவுங்களா கண்டுபுடிச்சா அது பொய்.”

இனித் தண்ணீர்க் கதைக்கு வருகிறேன். அவரைப் பற்றிச் சொல்ல வந்தால் அங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

எங்கள் லயங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. பள்ளத்தில் ஒரு பீலி. மலை ஊற்றுக்குக் குறுக்கே தகரம் செருகி, தண்ணீர் விழுகிற மாதிரி செய்து வைத்த இடம். பெரட்டுக்குப் போகுமுன், அதாவது காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கிற நேரத்துக்கு முன், எல்லாப் பெண்களும் அங்கே இறங்கித் தண்ணீர் பிடித்து மேலே ஏற வேண்டும். களிமண் பாதை. ஒரு மழைக்காலத்தில் என் மனைவி குடத்தோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். கை ஒட்டியது, கோணலாக ஒட்டியது. அதற்குப் பிறகு அவளால் ஒரு இடுப்பில்தான் குடம் வைக்க முடிந்தது.

மேட்டில் இன்னொரு ஊற்று இருந்தது. அங்கே ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டிக் குழாய் போட்டால் தண்ணீர் தானாகக் கீழே வரும். தோட்டத்து நிர்வாகம் இடம் தரச் சம்மதித்தது, காசு தரச் சம்மதிக்கவில்லை. எங்களுக்கு ஒரு நலன்புரிச் சங்கம் உண்டு. பழைய கணக்கப்பிள்ளை ஒருவர் தலைவர். அவர் உதவி கேட்டு அழகான தமிழில் எத்தனையோ கடிதம் எழுதினார். ‘கருணைக் கடலே’ என்று தொடங்கும். ஒரு கடலிலிருந்தும் ஒரு சொட்டும் வரவில்லை.

ஒரு கூட்டத்தில் தரகரம்மா கையைத் தூக்கினார். “ஐயா, யாரு எவருன்னு விசாரிக்காம வீடு வீடா சாதகம் அனுப்புனா கல்யாணம் நடக்குமா? எந்த வீட்டுல எப்படிப்பட்ட பொண்ணு தேடுறாங்கன்னு மொதல்ல பாக்க வேணாமா?”

“அப்ப நீயே பாரேன்,” என்றார் தலைவர் கோபத்தில்.

பார்த்தார். அந்தக் கறுப்புப் பையில் சாதகங்களோடு விண்ணப்பப் படிவங்களும் சேர்ந்துகொண்டன. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், லீவு போட்ட நாளில் நிதி. என் ஆட்டோவில்தான் பதுளைக்குப் போவோம். பிரதேச செயலகத்தில், மதகுரு வீட்டில், போட்டோகொப்பிக் கடையில், எங்கே போனாலும் கேள்வி ஒன்றுதான்: “இவுங்க இதுக்கு முந்தி எந்த வீட்டுல பொண்ணு எடுத்திருக்காங்க?” யாருக்கு, எதற்கு உதவி செய்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். உதவி வாங்கிய ஊருக்கே போய், “கட்டிக் குடுத்த எடத்துல நல்லா வெச்சிருக்காங்களா?” என்றும் விசாரிப்பார்.

ஒரு நிறுவனம் கணினி தருகிறேன் என்று வலிய வந்தது. தரகரம்மா வேண்டாம் என்றுவிட்டார். தலைவருக்கு மூச்சு வாங்கியது. “வீடு தேடி வர்ற லச்சுமிய ஒதைக்கிறியே!”

“நமக்கு வேண்டியது தண்ணி. அவுங்களுக்கு வேண்டியது கொம்பியூட்டர் வெக்க ஒரு எடம். பொருத்தம் இல்லீங்க ஐயா. கட்டி வெச்சா ரெண்டு பேரும் கஷ்டப்படுவாங்க.”

கடைசியில் கொழும்பில் ஒரு நிதியம் அகப்பட்டது. மலைநாட்டில் சின்னச் சின்ன நீர்த்திட்டங்களுக்கு மட்டும் கொடுக்கிறவர்கள். வெலிமடைப் பக்கம் ஒரு ஊருக்குக் கொடுத்திருந்தார்கள். தரகரம்மா போய்ப் பார்த்து, குழாயைத் திறந்து குடித்தும் பார்த்துவிட்டு வந்தார். “இதுதான் நம்ம சம்பந்தம்,” என்றார். படிவம் அனுப்பினோம். இன்ன தேதிக்குப் பார்வையிட வருகிறோம் என்று பதிலும் வந்தது.

அந்தத் தேதியில்தான் நான் கெட்டேன்.

அன்றைக்கு வெலிமடையில் அவர் பேசி முடித்த ஒரு கல்யாணம். தரகர் இல்லாமல் தாலி ஏறாது. போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்: “முகூர்த்தம் முடிஞ்சதும் வந்துருவேன். எதையும் மாத்தாதீங்க. இருக்கறபடி இருங்க.”

இருந்தோமா? விருந்தாளி வருகிறார்கள். கைகால் கழுவத் தண்ணீர் இல்லை என்றால் மானம் என்ன ஆவது? தலைவர் உத்தரவு போட்டார், நான் முன்னால் நின்றேன். கிழக்கு வெளுக்கத் தொடங்கியதிலிருந்து லயம் முழுவதும் பீலிக்கும் வீட்டுக்கும் நடந்தது. ஆண்களும் தூக்கினார்கள், அதுவே ஒரு அதிசயம். வாசலுக்கு வாசல் நீலப் பீப்பாய்களைக் கழுத்து வரை நிரப்பினோம். மல்லிகைப் பூ வேறு இரண்டு மிதக்கவிட்டேன். அந்த யோசனை என்னுடையது.

கொழும்பிலிருந்து இரண்டு கனவான்கள் வந்தார்கள். மாலை போட்டோம். செம்பு செம்பாகத் தண்ணீர் வார்த்துக் கை கழுவ வைத்தோம். முறுக்கு, வாழைப்பழம், தேத்தண்ணீர் இரண்டு சுற்று. அவர்கள் நிறைந்த பீப்பாய்களைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். பீலிக்கு இறங்குவோமா என்று ஒருவர் கேட்டார். “ஐயோ சேர், அங்க வழுக்கும், உங்க சப்பாத்து பாழாயிரும்,” என்று நான்தான் தடுத்தேன்.

அவர்கள் ஜீப் போனதும், அடுத்த பஸ்ஸில் தரகரம்மா பட்டுச் சேலையோடு வந்து இறங்கினார். பீப்பாய்களைப் பார்த்தார். பூவைப் பார்த்தார்.

“யாரு நெறச்சது?”

நான் பெருமையாகக் கையைத் தூக்கினேன்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “தம்பி, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி, பொண்ணு கழுத்துல தாலியக் கட்டிக் கொண்டாந்து நிறுத்திட்டீங்களே.”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தண்ணீர் இல்லை என்று எழுதியவர்கள், தண்ணீரைக் காட்டித் தேத்தண்ணீரும் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

கடிதம் வந்தது. “தங்கள் குடியிருப்பில் நீர் வசதி போதுமான அளவில் உள்ளதை எமது குழுவினர் அவதானித்துள்ளனர். எனவே தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாமைக்கு வருந்துகின்றோம்.”

என் மனைவி அதை வாசித்து மடித்து வைத்தாள். மூன்று நாள் ஒரு சொல் இல்லை. நானும் பேசிப் பார்த்தேன், என் குரல் எனக்கே அலுத்துவிட்டது. நாலாவது நாள் காலையில், பீலியிலிருந்து ஏறி வந்து குடத்தை இறக்கியவள், அந்தக் கோணல் கையை என் முகத்துக்கு முன் நீட்டினாள்.

“நான் கை ஒடச்சது போதாதா? ஒங்க மானத்துக்கு இன்னும் எத்தன கை வேணும்?”

கட்டியிருந்த சாரத்தைக்கூட மாற்றாமல் தரகரம்மா வீட்டுக்கு ஓடினேன். “அக்கா, ஏதாவது செய்யுங்க.”

“உக்காரு. பேனா வெச்சிருக்கியா?”

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அப்படி ஒரு விண்ணப்பத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. முதல் வரியே, ‘நாங்கள் ஒரு பிழை செய்துவிட்டோம்.’ நீங்கள் பார்த்தது ஒரு நாள் தண்ணீர். உங்களுக்காகத் தூக்கி வைத்தது. எங்களிடம் இன்னும் குறை உண்டு. எங்கள் சங்கத்துக்கு முன்பு வெலிமடைக்காரர் ஒருவர் வளர்க்கக் கோழி கொடுத்தார். தீபாவளிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கள் தலைவருக்குக் கோபம் அதிகம். இதை எழுதுகிறவருக்கு வாய் அதிகம். ஆனால் மண்வெட்டி பிடிக்கத் தெரியாத கை எங்கள் லயத்தில் ஒன்றுகூட இல்லை. திரும்ப ஒரு தடவை வாருங்கள். சொல்லிவிட்டு வராதீர்கள்.

தலைவர் கையெழுத்துப் போட மறுத்தார். “கோழி கத எதுக்கு? அது நமக்குள்ள இருக்கட்டுமே! ஊரு சிரிக்கும்.”

“நாம சொல்லாட்டி வெலிமடைக்காரன் சொல்லுவான். அவன் சொல்றப்ப கோழி ஆடாகிப் போயிருக்கும்.”

ஒரு பகல் முழுக்க இழுபறி. கடைசியில் தலைவர் என்னைக் கூப்பிட்டு, “பேரக் கடைசியா போடு. சின்ன எழுத்துல போடு,” என்றார்.

மழை வந்தது, போனது. பதில் இல்லை. தலைவர் என்னைக் காணும்போதெல்லாம் கோழி மாதிரிக் கூவிக் காட்டினார்.

பிறகு ஒரு நாள். கொழும்பு இரவு ரயில் விடியலில்தான் பதுளைக்கு வந்து சேரும். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. நான் ஸ்டேசன் வாசலில் நிறுத்தியிருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா இறங்கி வந்து எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்ல, மற்ற டிரைவர்மார், “நம்ம வாய்க்காரன் அங்கதான்” என்று என்னிடம் அனுப்பிவிட்டார்கள். பேச்சு யாழ்ப்பாணத் தமிழ்.

“அண்ணை, போக எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“பாத நல்லாருந்தா ஒரு மணித்தியாலம். இல்லாட்டி கடவுள் விட்ட வழி. யாரப் பாக்கப் போறீங்க மிஸ்?”

“ஒருத்தரையும் இல்லை. சும்மா ஒருக்காப் பாத்திட்டு வருவம் எண்டு.”

கண்ணாடியில் பார்த்தேன். அவர் மடியில் ஒரு கோப்பு. கோப்பில் அந்த நிதியத்தின் முத்திரை. சட்டைப் பையில் போன் இருக்கிறது. தலைவருக்கு ஒரு அழைப்பு எடுத்தால் போதும். அரை மணித்தியாலத்தில் லயம் மினுங்கும், மாலை ரெடியாகும். கை தானாகப் பைக்குப் போகிறது. நான் இழுக்கிறேன். திரும்பவும் போகிறது. ஒரு வளைவில் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டேன்.

“மிஸ், இந்தப் போனக் கொஞ்சம் நீங்களே வெச்சிருங்க. என் கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

அவர் விழித்தார். பிறகு கோப்பைத் திறந்து கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வாய் அதிகம் எண்டு எழுதினது... நீங்களோ?”

“எழுதுனது நான். சொன்னது வேற ஆளு.”

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் ஆட்டோ குலுங்கியது. அதற்குப் பிறகு லயம் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுளில் அதுதான் சாதனை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பீலியில் வரிசை. “ஏய், எங் கொடத்த யாருடி நகத்துனது?” என்று ஒரு சண்டை. தலைவர் சாரத்தோடு, வாய் நிறைய நுரையோடு பல் விளக்கிக்கொண்டு நின்றவர், கோப்பைக் கண்டதும் நுரையை விழுங்கிவிட்டார். வரிசையில் தலை முடியாமல், கையில் பிளாஸ்டிக் கேனோடு தரகரம்மா.

“இந்தக் கடிதம் ஆர் சொல்லி எழுதினது?”

“நாந்தாங்க மிஸ். வாங்க. மொதல்ல எங்க கொறையச் சொல்லிர்றேன். ஒங்களுக்கு ஒரு தேத்தண்ணி போடத் தண்ணி இல்ல. எனக்கு முன்னாடி இன்னும் பத்துப் பேரு நிக்கிறாங்க.”

அந்த அம்மா செருப்பைக் கழற்றினார். தரகரம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முறை வந்ததும் ஒரு குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். என் மனைவி ஒரு பக்கம் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அந்தக் கோணல் கையால். மேலே வந்து சேர்ந்தபோது சேலை நனைந்து, குடத்தில் பாதிதான் இருந்தது.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஊத்திப்போட்டன்.”

“பரவால்ல மிஸ்,” என்றாள் என் மனைவி. “தெனமும் பாதிய இந்தப் பாததான் குடிக்கும்.”

அந்தப் பாதித் தண்ணீரில்தான் தேத்தண்ணீர் போட்டோம். குடிக்கும்போது அவர் தலைவரிடம் கேட்டார்: “ஐயா, அந்தக் கோழியள்?”

தலைவர் மண்ணைப் பார்த்தார். தரகரம்மாதான் பதில் சொன்னார். “ருசியா இருந்துச்சுங்க.”

கிளம்பும்போது அந்த அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னார்: “என்ரை மேசைக்கு வாற கடிதம் முழுக்க வெற்றிக் கதைதான் அண்ணை. பிழை எண்டு தொடங்கினது இது ஒண்டுதான். அதாலைதான் வந்தனான்.”

காசு வந்தது. சிரமதானமாய், கூலி வாங்காமல், குழாய் புதைக்கக் கானு வெட்டினோம். கடிதத்தில் எழுதிய மண்வெட்டிகள் அத்தனையும் வந்தன. கோழி தின்ற வாய்களும் வந்தன. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கல்லைப் புரட்டினார். மேட்டில் தாங்கி எழும்பியது. ஒவ்வொரு வாசலுக்கும் குழாய் இறங்கியது.

திறப்பு நாளுக்கு நிதியத்தின் பெரியவரே வந்தார், அந்த அம்மாவும் வந்தார். வாசல்களில் எல்லாப் பீப்பாய்களையும் தரகரம்மா கவிழ்த்து வைக்கச் சொல்லியிருந்தார். “இன்னைக்கு அவுங்க கண்ணு முன்னாடிதான் நெறையணும்.” நிறைந்தது. குழந்தைகள் குழாய்க்குக் குழாய் ஓடினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். தலைவர் ‘கருணைக் கடலே’ என்று தொடங்கினார். இந்த முறை கடல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. பிறகு தரகரம்மாவை ஒரு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள்.

மைக்கைப் பிடித்தார். “எல்லாருக்கும் கும்புடுறேன். இதுல ஒரு கொறை இருக்கு.”

தலைவர் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவர் முந்தானையைப் பிடுங்கிக்கொண்டார்.

“கடைசி நாலு வீட்டுக்குத் தண்ணி நூலாத்தான் வருது. மேடு. தள்ளு பத்தல. நாளைக்கி நீங்க எல்லா வீட்டுலயும் கொட்டுதுன்னு எழுதிருவீங்க. அது பொய்யாயிரும். அதான் சொன்னேன்.”

அந்த அம்மா பெரியவரின் காதில் மொழிபெயர்த்தார். பெரியவர் எழுந்து, வேட்டியும் துண்டுமாய் நின்ற எங்களை விலக்கிக்கொண்டு, நேரே கடைசி வீட்டுக்கு நடந்தார். குழாயைத் திறந்தார். அந்த நூலுக்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்த அம்மாவிடம் ஏதோ சொல்ல, அவர் எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்:

“மேலை இன்னுமொரு தாங்கி! இண்டைக்கே எழுதச் சொல்லுறார்!”

அப்போது எழுந்த சத்தம் பதுளை டவுனுக்குக் கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. தலைவர் தரகரம்மாவின் காலில் விழப் போய், வேட்டி தடுக்கி, என் மேல் விழுந்தார்.

அந்தக் கடைசி வீடு எங்களுடையது. ஊர் கலைந்த பிறகு, என் மனைவி வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டுக் குந்திக்கொண்டாள். நானும் பக்கத்தில் குந்தினேன். நூல் மாதிரித் தண்ணீர், நெடுநேரம் விடாமல் விழுந்துகொண்டிருந்தது.

“அந்த அக்கா பொய்யே சொல்லாதுன்னு ஊரு பூரா பேசுறாங்க,” என்றாள். “கல்யாணத்துக்கு முந்தி ஒங்கள்ட்ட ஒரு கொறைதான் இருக்குன்னு எங்கப்பாகிட்ட சொல்லுச்சு. மத்தது எல்லாத்தையும் மறைச்சிருச்சு.”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கோணல் கையால் என் வாயைப் பொத்தினாள். அதற்குள் வாளி நிறைந்துவிட்டது. விளிம்பைத் தாண்டி, எங்கள் கால்களை நனைத்துக்கொண்டு, தண்ணீர் வாசலில் ஓடியது. எங்கள் வீட்டில் தண்ணீர் நிறைந்து வழிந்தது அதுதான் முதல் தடவை. எழுந்து குழாயை மூட இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை.